ஐந்தாவது குழந்தை

— சரியா ஞாபகம் இருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு அக்கா. இந்த மொழியில வாய் திறந்து எத்தனையோ காலமாச்சு. அந்த ரெக்கார்டிங்கை இன்னொரு தடவை போடுங்க.

— மூணு தடவை போட்டாச்சும்மா. நாளைக்கு தீசிஸை பைண்டிங்குக்குக் குடுக்கணும். முந்தின நாலு குழந்தைங்க பேசினதை மடமடன்னு சொன்னே. இதுல மட்டும் ஏன் இந்த இழுவை?

— இந்தப் பொண்ணு வேகமாப் பேசுது.

— ஏழு வயசுப் பிள்ளை, அப்படி என்ன பெரிய வேகம்! நான் கேட்டது ஒரே கேள்வி. 'வீட்டுல யார்கூட உன் மொழியில பேசுவே? உன் மொழியிலேயே சொல்லு.' அதுவும் நீளமா என்னமோ சொல்லிச்சு. நான் கைதட்டினேன். 'அருமை, அருமை'ன்னு என் குரல் கேட்குதுல்ல?

— நல்லாக் கேட்குது.

— அதாவது, இந்த எம்.எட். படிப்போட உயிரே இதுதான், புரியுதா? பன்முகப் பண்பாட்டுக் கல்வி. வேற மொழிக் குழந்தை வகுப்புக்கு வந்தா, அதோட மொழியையும் சேர்த்து உள்ளே கூப்பிடணும். என் கொழுந்தன் பொண்டாட்டிக்கு அதுதான் தாய்மொழின்னு கைடு சார்கிட்ட சொன்னேன். உங்க அதிர்ஷ்டம்னார்.

— பன்னெண்டு வருஷமா இதே வீட்டுலதானே இருக்கேன்.

— குத்தாதே. விஷயத்தைச் சொல்லு.

— 'யார்கூடவும் இல்ல'ங்குது அக்கா.

— கூச்சமா இருக்கும். அப்புறம்?

— 'அம்மா என்கிட்ட பேசுறதில்ல. டீச்சர் வேண்டாம்னுட்டாங்க. இந்த ஊர் மொழியிலதான் பேசணுமாம். அம்மாவுக்கு அது வராது. சாப்பிடச் சொல்லணும்னா கையை வாய்க்குக் கொண்டுபோவாங்க. தூங்கச் சொல்லணும்னா விளக்கை அணைச்சிடுவாங்க.'

— எந்த டீச்சர்?

— 'நீங்கதான்'னு சொல்லுது. அதுக்கப்புறம்தான் நீங்க கைதட்டுறீங்க.

— போன வருஷம், பெற்றோர் கூட்டத்துல. அதாவது... அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறிச்சு. வீட்டுலயும் நம்ம மொழியிலயே பேசுங்கன்னேன். எல்லா டீச்சரும் எல்லார்கிட்டயும் சொல்றதுதானே அது! அதை யாராவது அப்படியே வேதவாக்கா எடுத்துக்குவாங்களா?

— எடுத்துக்கிட்டாங்களே. நானும்தான் எடுத்துக்கிட்டேன். கல்யாணமாகி வந்த வாரமே அத்தை சொன்னாங்க, 'உங்க அம்மாகூட போன் பேசணும்னா மாடிக்குப் போயிடு, வீட்டுப் பிள்ளைங்க காதுல விழக்கூடாது'ன்னு. நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டினீங்க.

— பழைய குப்பையைக் கிளறாதே தாயே. நான் இருக்கிற இருப்புல... இதைக் கொஞ்சம் மாத்திச் சொல்லேன். 'அம்மாகூட நிறையப் பேசுவேன்'னு. யாருக்குத் தெரியப்போகுது?

— மாத்தலாம். எனக்குப் பழக்கம்தான்.

— அப்படின்னா?

— அந்த ரெட்டைப் பசங்க சொன்னதா எழுதியிருக்கீங்களே, 'எங்க ஊர் ஆறு எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்'னு. அதைப் படிச்சுட்டு கைடு சார் கண் கலங்கினார்னீங்க. அதுங்க ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எண்ணிச்சுங்க அக்கா. அவ்வளவுதான்.

— விளையாடாதே.

— நடுவுல பதினாலை விட்டுடுச்சுங்க.

— அடிப்பாவி! மத்த ரெண்டு?

— அதுவும் அந்தக் கதைதான்.

— ஏன்டி இப்படிப் பண்ணினே?

— முதல் நாள் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டீங்க. உங்க கையால டீ போட்டுக் குடுத்தீங்க. 'உங்க மொழி எவ்வளவு அழகு'ன்னீங்க. இந்த வீட்டுல யாரும் அப்படிச் சொன்னதில்ல. சும்மா எண்ணுதுங்கன்னு சொல்ல மனசு வரல. திட்டிடுங்க அக்கா.

— அந்த நாலும் அப்படியே இருக்கட்டும். கைடு பார்த்து ஓகே பண்ணினது. இந்தப் பொண்ணை எடுத்துடுறேன். நாலு குழந்தையே போதும்னு அவரும் சொன்னார்.

— எடுத்துடுங்க. ஆனா அந்த வீட்டுக்கு ஒரு நடை வாங்க. நேத்து நான் போயிருந்தேன்.

— நேத்தா? இன்னிக்குத்தானே கேட்கிறே இதை?

— நேத்து நீங்க பள்ளிக்கூடம் போனதும் தனியாப் போட்டுக் கேட்டுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இவ்வளவு நேரம் இழுத்தேன். டெய்லர் கடைக்கு மேல் ரூம்தானே அவங்களுக்கு. டீச்சரம்மா தெரியாமச் சொல்லிட்டாங்க, பிள்ளைகிட்ட பேசுங்கன்னு அதோட அம்மாகிட்ட கெஞ்சினேன். நம்பல. டீச்சர் வாயால சொன்னாத்தான் பேசுவேன்னுட்டாங்க.

— போறேன். மாட்டேன்னா சொன்னேன்? இப்பப் போய் நின்னா விஷயம் கசிஞ்சு கைடு காதுக்குப் போகும். பட்ட பாடெல்லாம் பாழ். வைவா தேர்வு முடியட்டும்.

— அது எப்போ?

— ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிடப்போகுது? பள்ளிக்கூடத்துல நாங்கெல்லாம் பேசுறோம்ல.

— அந்தப் பிள்ளையைச் சொல்லல அக்கா. தொட்டில்ல இன்னொண்ணு கிடக்கு, கைக்குழந்தை. அழுதா, அந்த அம்மா தன் வாயை இறுக்கி மூடிக்கிட்டு அதைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிறாங்க. சின்னதுலேர்ந்தே பழக்கணும்னு டீச்சர் சொன்னாங்களாம்.