காலை வணக்கம், முத்தையா சார்

வேணாம் ஹேமா, மறுபடியும் சொல்லித் தராத, மனப்பாடம் ஆயிடுச்சு. மொதல்ல தலைம தாங்க வர்ற பெரிய மனுசன், அந்த டத்தோ பேரு. அப்புறம் ஒங்க மேனேஜர் முத்தையா சார். அதுக்கப்புறம் எல்லாருக்கும் சேத்து செலாமாட் பாகி, காலை வணக்கம். சரிதானே? பாலத்துல இந்த ஜாமப் பாத்தா நாம போய்ச் சேரவே மத்தியானம் ஆயிரும் போலருக்கு.

பயமா? எனக்கென்னம்மா பயம். மைக்கப் புடிச்சதில்ல, அவ்ளோதான். கோயில்ல கூட பின்னால போய் ஒக்கார்ற ஆளு நானு.

ஆமாலா, தெரியுது. பிறை டவுன்ல இருக்கற ஒங்க பேக்டரி மெஷின்ல மாட்டிச் செத்தானே எம்மவன் யுகேந்திரன், அவனோட அம்மாவே பாதுகாப்புக் கூட்டத்துல வந்து பேசுனா மத்த பசங்க கவனமா வேல செய்வானுங்க. கடசியில கம்பெனிக்கு ஒரு நன்றி. மறக்க மாட்டேன்.

நீ புது ஆளு, ஒனக்குத் தெரியாது. அன்னிக்கு முத்தையா சார்தான் வீட்டுக்கு வந்தாரு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு புள்ள வருவானேன்னு தோச ஊத்திக்கிட்டிருக்கேன். கதவத் தொறந்தா, சார் அயர்ன் பண்ண சட்டையோட நிக்கிறாரு. காலை வணக்கம்மான்னாரு, ரேடியோல சொல்ற மாரி. எம்புள்ளைய சூப்பர்வைசர் ஆக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு இருந்துச்சு. அதான் போலன்னு நானும் பல்ல இளிச்சுக்கிட்டு வணக்கம் சார், ஒக்காருங்க, தம்பி இப்ப வந்துருவான்னேன். தேத்தண்ணி கலக்கிக் குடுத்தேன். குடிச்சு முடிச்சப்புறந்தான் சொன்னாரு.

அன்னியிலேருந்து யாரு காலை வணக்கம் சொன்னாலும் நான் மூஞ்சியத் திருப்பிக்குவேன். காலையில நீ சொன்னப்பகூட வீட்டப் பூட்டுற மாரித் திரும்பிக்கிட்டேன்ல. கோவிச்சுக்காத.

அழுவலம்மா. கண்ணாடிய ஏத்து, லோரிப் புகை.

வந்தாச்சா? நல்லது, சாரும் வாசல்லயே நிக்கிறாரு. இந்தா பாரு ஹேமா, மேடையில டத்தோ பேரச் சொல்லுவேன், சார் பேரச் சொல்லுவேன். அப்புறம் செலாமாட் மாலாம், இரவு வணக்கம். அதத்தான் சொல்லப் போறேன்.

கொழப்பம்லாம் ஒண்ணுமில்ல. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், சார் சிரிக்க மாட்டாரு. எம்புள்ள செத்தது ராத்திரி, ஷிப்ட் ஏறுன கொஞ்ச நேரத்துலயே. கூட வேல செஞ்ச அய்யாக்கண்ணு காரியத்தன்னிக்கு வந்து சொல்லி அழுதான். மத்த மெஷின் எதுவும் நிக்கக் கூடாதுன்னு, ஷிப்ட் முடியட்டும்னு, விடியற வரைக்கும் எம்புள்ளைய மூடிப் போட்டு வச்சிருந்துட்டுத்தான் சார் எங்கிட்ட வந்து காலை வணக்கம் சொன்னாரு.

கதவத் தொற, எறங்கலாம்.