எழுபது என்று சொன்ன மெஷின்

– அந்த சீல் வச்ச பெட்டியை உடைச்சது நீங்கதானா, டெக்னீஷியன் அம்மா?

– நான்தான், ஸ்டோர் சார். இந்தக் கையாலதான் உடைச்சேன். உங்க கையெழுத்துக்குக் காத்திருக்க அந்தப் பேஷண்டுக்கு நேரமில்ல.

– ஈசிஜி எடுக்கப் பழைய வயர் இருந்துச்சே. அது போதாதா?

– அது ஷாக்கைத் தாங்காது சார். இதயம் நின்னா நெஞ்சுக்குக் கொடுக்குற கரண்ட் வயர் வழியா மெஷினுக்குள்ள பாஞ்சிடும். தாங்குற வயர் வேணும்னு மூணு தடவை எழுதினேன். 'வயர்னா வயர்தானே'ன்னு திருப்பி அனுப்பினது யாரு? ஒருவழியா போன வாரம் வந்துச்சு, அதையும் சீல் வச்சுப் பூட்டிட்டீங்க!

– சரிம்மா, சரி. காலையில என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க.

– பஸ் ஸ்டாப்புல மயங்கி விழுந்துட்டாருன்னு ஒரு பெரியவரை ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்தாங்க. கூட யாருமில்ல. சட்டையைத் திறந்தா, இடது தோளுக்குக் கீழ தீப்பெட்டி கணக்கா ஒரு மேடு. பேஸ்மேக்கர்! எதுக்கும் இருக்கட்டும்னு பெட்டியை உடைச்சுப் புது வயரையே மாட்டிட்டேன்.

– அப்புறம்?

– முழிச்சிருந்தவருக்கு ஈசிஜி படம் ஓடிக்கிட்டிருக்கும்போதே கண்ணு சொருகிடுச்சு. ஆனா மானிட்டர் துடிப்பு எழுபதுன்னே காட்டுது. சின்ன டாக்டர் 'எழுபது இருக்கே'ங்கறாரு.

– எழுபதுன்னா நல்லதுதானே?

– எங்க சார்! பேஸ்மேக்கர் தட்டுற தட்டை எண்ணிக்கிட்டு மெஷின் எழுபதுங்குது. உள்ள இதயம் துடிக்கல, வெறுமனே நடுங்குது. கழுத்துல விரலை வச்சுப் பாத்தேன், ஒண்ணுமில்ல. 'நாடி இல்ல டாக்டர், மெஷினை நம்பாதீங்க'ன்னு போட்டேன் பாருங்க ஒரு சத்தம், வார்டே திரும்பிப் பாத்துச்சு.

– டாக்டர் கோவிச்சுக்கலையா?

– கோவமா? மறு நொடி நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுட்டாரு. நர்ஸம்மா ஷாக் மெஷினோட ஓடி வந்தாங்க. ஷாக் கொடுக்குற பேடை பேஸ்மேக்கர் மேல படாம தள்ளி ஒட்டினோம். 'யாரும் தொடாதீங்க, வயரையும் தொடாதீங்க'ன்னு டாக்டர் கத்தினாரு. எல்லாரும் விலகினதும் ஒரே ஷாக்.

– வலிச்சிருக்குமா, அவருக்கு?

– நினைவே இல்ல சார், எதுவும் தெரிஞ்சிருக்காது. இந்தத் தாளைப் பாருங்க. இந்தக் கிறுக்கல்தான் நடுக்கம். இந்த இடத்துல ஷாக். கோடு எகிறிப் போச்சு, ஆனா மெஷின் அணையல, நானும் நிறுத்தல. இதோ, முதல் துடிப்பு. இது ரெண்டாவது. இது மூணாவது. பதினாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தாள் எடுத்ததில்ல சார் நான்!

– கண்ணு முழிச்சாரா?

– முழிச்சாரு. முழிச்சதும் 'என் நெஞ்சுல உதைச்ச கழுதை எது?'ன்னு கேட்டாரு பாருங்க, டாக்டருக்கே சிரிப்பு வந்துடுச்சு. பேஸ்மேக்கரையும் சோதிச்சாச்சு, ஜோரா ஓடுது.

– கழுதைன்னா சொன்னாரு?

– ஆமா சார். அட, எதுக்குக் கண்ணாடியைக் கழட்டுறீங்க? மெமோ கொடுக்கணும்னா தாராளமா கொடுங்க, வாங்கிக்கறேன். இந்தத் தாளை மட்டும் கேக்காதீங்க. அவரு வீட்டுலேருந்து யாராவது வந்தா, நானே விரல் வச்சுக் காட்டணும்.

– காட்டிட்டீங்கம்மா. நான் அவரோட மகன்.