புல் வெட்டும் இயந்திரத்தில் கட்டியிருந்த சணல் கயிறு பற்றி

வயது 46. நீரேற்று நிலையத் தொழிலாளர் குடியிருப்பு, இரண்டாம் வரிசை, 14ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். நிலையத்தின் வளாகப் பராமரிப்பில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். காயம்பட்டவர் என் கணவரின் தம்பி, அவருக்கும் அதே பிரிவில்தான் வேலை. அவர் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டே மேற்பார்வையாளர் உட்பட எல்லோருக்கும் நான் அண்ணியாகிவிட்டேன். எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் கொழுந்தனுக்குக் கார்புரேட்டர் என்று பட்டப்பெயர். சென்ற திங்கட்கிழமை இந்தக் காவல் நிலையத்து அதிகாரியிடம் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது பொய். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்திருக்கிறேன்.

பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சரிவில் கல்லும் குழியும் மேடுமாக இருக்கும், புல் முழங்கால் உயரம் வளரும். பழைய பெட்ரோல் இயந்திரம் அடியோடு நின்றுவிட்டதால், மேற்பார்வையாளர் ஒரு கடையிலிருந்து புதிய பெட்ரோல் இயந்திரம் ஒன்றும் பேட்டரி இயந்திரம் ஒன்றும் ஓட்டிப் பார்க்க வரவழைத்தார். அதன் பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ஓட்டப்போறது நீங்க. எதுன்னு ஒரே முடிவா சொல்லுங்க, அதையே வாங்கிடலாம்" என்றார். கொழுந்தனுக்குப் பெட்ரோல்தான் வேண்டும். ஈரப் புல்லில் இழுத்து வெட்டும், பெட்ரோல் ஊற்றினால் நாள் முழுக்க ஓடும், பேட்டரி நாற்பது நிமிடத்தில் படுத்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பெட்ரோல் இயந்திரத்தைக் கிளப்பக் கயிற்றை இழுத்து இழுத்து என் வலது தோள் போய்விட்டது, இரண்டு வருடமாகக் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. பேட்டரி இயந்திரம் பொத்தானை அழுத்தினால் கிளம்பும், சரிவில் தள்ளவும் லேசு. எனக்கு அதுதான் வேண்டும். "உங்க தோளுக்கு மெஷின் வாங்கறாங்களா, புல்லுக்கு வாங்கறாங்களா அண்ணி?" என்று கேலி செய்தார். "உன் வாய்க்குத்தான் முதல்ல ஒரு ஸ்விட்ச் வாங்கணும்" என்று நானும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை கடை ஆள் வந்து பேட்டரி இயந்திரத்தை என்னிடம் விளக்கினார். கொழுந்தன் அன்று விடுப்பு. கடை ஆள் சொன்னது இது: "சத்தம் நின்னா மெஷின் நின்னுடுச்சுன்னு நினைக்காதீங்கம்மா. புல்லு அடைச்சா பேசாம இருக்கும், அடைப்பை எடுத்ததும் பிளேடு சுத்திடும். சாவியைக் கழட்டாம கீழ கைய வைக்காதீங்க." இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். இதைக் கொழுந்தனிடம் சொன்னால், "பாத்தீங்களா, இதையா வாங்கணும்?" என்று அதையே பிடித்துக்கொள்வார் என்று சொல்லாமல் விட்டேன். முடிவான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் சரிவில் இறங்கினோம். அவர் பெட்ரோல், நான் பேட்டரி. கைப்பிடியோடு ஒரு கம்பி இருக்கிறது, அதை அழுத்திப் பிடித்திருந்தால்தான் இரண்டு இயந்திரமும் ஓடும், விட்டால் நின்றுவிடும். பெட்ரோலில் நின்றுவிட்டால் மறுபடி கயிறு இழுக்க வேண்டும், எங்கள் சரிவிலோ பத்தடிக்கு ஒரு கல் பொறுக்க வேண்டும். அதனால் பதினோரு வருடமாக அந்தக் கம்பியைச் சணல் கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்வோம். பேட்டரி இயந்திரத்துக்கு அந்தக் கட்டே தேவையில்லை. ஆனாலும் என் கை பாட்டுக்கு இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டது.

அதன் பிறகு சுமார் எட்டரை மணிக்கு நான் தண்ணீர் குடிக்கப் போகும்போது, "கொடுங்க அண்ணி, உங்க பொம்மைய நான் ஒரு வரிசை ஓட்டிப் பாக்கறேன்" என்று கொழுந்தன் வாங்கினார். கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார், எங்களுக்கு அது புதிதல்ல. ஐந்து நிமிடத்தில் ஈரப் புல் அடைத்து இயந்திரம் அமைதியானது. பெட்ரோல் இயந்திரம் அப்படி அடங்கினால் செத்ததற்குச் சமம், கயிறு இழுக்காமல் உயிர் வராது. அந்த நினைப்பில் அவர் அதைச் சாய்த்து உள்ளே கையை விட்டார். நான் இருபதடி தூரத்தில் தம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கத்த வாயைத் திறந்தேன், கம்பி கட்டியே இருந்ததால் அதற்குள் பிளேடு சுற்றிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

அவருடைய கையை என் துண்டால் சுற்றிக் கட்டி, பம்பு ஓட்டுநரைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றினோம். வண்டி போன பிறகு நான் திரும்பி வந்து, சாவியைக் கழற்றி, கயிற்றை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் பிறகு உங்கள் அதிகாரி வந்து கேட்டபோது, கொழுந்தன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே மறு கையை உள்ளே விட்டார் என்று சொன்னேன். வேலை போய்விடும் என்று பயம். ஆஸ்பத்திரியில் அவரும், "ஆமா சார், நானேதான்" என்று எனக்காக ஒத்துக்கொண்டிருக்கிறார். அதை வைத்து மேற்பார்வையாளர் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார், கொழுந்தனை வேலையில் வைப்பதா என்று மேலிடம் யோசிக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கையால் சாப்பிடத் தெரியாமல் சட்டையெல்லாம் சிந்தியிருந்தார். "கயிறு கட்டினதுக்காக மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க அண்ணி. நாம எல்லாருந்தான் கட்டறோம். சத்தம் நின்னாலும் அது சுத்தும்னு உங்களுக்கு மட்டும் தெரியுமா என்ன?" என்றார். நான் அவர் சட்டையைத் துடைத்துவிட்டேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் மேல் கவனக்குறைவு எதுவும் இல்லை. அந்தச் சணல் கயிற்றையும் சாவியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். இதன் நகல் ஒன்று எனக்கு வேண்டும், இங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "எச்சரிக்கையைச் சொல்ல மறந்துவிட்டேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. மறக்கவில்லை, தெரிந்தே சொல்லவில்லை என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, நடந்தபடியே இருக்கிறது.

(கையொப்பம்)