அலை உயரம் 0.8 மீட்டர்

அந்தச் சிவப்புப் போலீஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வையுங்கள் தம்பி, நெற்றியெல்லாம் வியர்க்கிறது. நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. முழங்கால் விடாது.

நான் ஓய்வுபெற்ற தட்டச்சுக்காரன். கரையில் எல்லாருக்கும் நான் 'முசே', பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன 'ஐயா'. மூலக்குளத்தில் வீடு. 2004இல், அறுபத்தைந்து வயதில், புத்தகம் பார்த்து பேர்ல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றேன். தினமும் மாலை நாலு மணிக்கு என் நிரல் இணையத்தில் ஒரு வானிலைப் பக்கத்தைத் திறக்கும். மறுநாளைக்கான காற்று, அலை உயரம், நீரோட்டம் மூன்றையும் பொறுக்கி, ஒரே தாளில் கட்டம் பிசகாமல் அடித்துக் கொடுக்கும். அதை வீராம்பட்டினம் மீனவர் கரைக்குக் கொண்டுபோய் ஐஸ் கம்பெனிச் சுவரில் ஒட்டுவேன். என் தாளைப் பார்த்துத்தான் கடலே அலையடிக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவன் நான்தான்.

போன வருஷம் ஒருநாள் அலை உயரம் 0.0 என்று வந்துவிட்டது. மீனவன் சாமிக்கண்ணு கரையிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினான். "இன்னா முசே, கடல் செத்துப்போச்சா? மாலை வாங்கியாரட்டுமா?"

ஒரு வாரம் சிரித்தார்கள்.

காரணம் சின்னது. கடல் மோசமாக இருக்கும் நாளில் அந்தப் பக்கத்தில் எண் போடமாட்டார்கள், 'கொந்தளிப்பு' என்று சொல்லாகப் போடுவார்கள். எண்ணுக்கான கட்டத்தில் சொல் வந்து விழுந்தால் நிரல் அதைப் பூஜ்யமாக்கிவிடும். கட்டத்தை அகலப்படுத்தியிருக்கலாமே என்பீர்கள். செய்து பார்த்தேன். நீரோட்டம் தாளுக்கு வெளியே போய்விட்டது. ஆகவே ஒரு வரி சேர்த்தேன்: சொல் வந்தால், முந்தின நாள் எண்ணையே போடு.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அந்தச் சொல் வந்தது. திரையில் பார்த்தேன். தாளில் 0.8 என்று அழகாக வந்தது. கொண்டுபோய் ஒட்டினேன். அம்மாவாசை என்கிற மீனவன் அங்கே வலை உதறிக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது.

"எவ்ளோ முசே?"

"பூஜ்யம் புள்ளி எட்டு."

"அப்ப கொளமாட்டம் கெடக்கும். ரேடியோக்காரன் வாணாம்ங்கறான். அவனுக்கு எப்பவும் பேதிதான்."

திரையில் பார்த்த சொல்லை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் தாள் பொய் என்று ஆகிவிடும். வெள்ளி விடியலில் அவனும் தம்பிமார் இருவரும் போனார்கள். வானம் வெளுத்துத்தான் இருந்தது. மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. மூவரும் திரும்பவில்லை.

அன்று மாலையும் பக்கத்தில் அதே சொல். நிரல் அதே 0.8ஐப் போட்டது. ஒரு நாள்கூடத் தாள் ஒட்டாமல் இருந்ததில்லை, அதனால் போனேன். அம்மாவாசையின் மனைவி அஞ்சலாட்சி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"எங்க அண்ணன் மவனுங்க காலைல தேடப் போறேங்கறானுங்க முசே. போவலாமா? நீ சொன்னாத்தான் அனுப்புவேன்."

தேடப் போகிறவர்கள் பயந்துகொண்டு போகக் கூடாது பாருங்கள். இந்தத் தடவை வாய்திறந்தே சொன்னேன்.

"கடல் நல்லாத்தான் இருக்கு, போவச் சொல்லும்மா."

நாலு படகு கிளம்பியது. மூன்று வந்துவிட்டது, தம்பி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.