கிச்சன்ல யாருக்கும் பேரு கெடையாது

வேணாங்கா, டீ எறங்காது எனக்கு. நீ குடி. இந்த எளநித் தண்ணிய மட்டும் உள்ள எடுத்துக்கினு போய்க் குடுத்துரு, உனக்குப் புண்ணியமாப் போவும். உன் தங்கச்சி ஆறாம் பெட்டுன்னியே, எங்க வூட்டுக்காரி எட்டு. சுமித்ரான்னு பேரு. முந்தாநேத்து காலைல ஓட்டல்ல கேஸு புடிச்சிக்கிச்சி. முதுகு, கையி, கழுத்து எல்லாம் வெந்துபோச்சி. நாப்பது பர்சன்ட்டாம். மூணு நாளு போவட்டும், அப்பறந்தான் எதுவும் சொல்லமுடியும்ன்றாரு டாக்டரு. இன்னும் ஒரு நாளு கீது. பயமா கீதுக்கா.

நானா? உள்ள போய்ப் பாக்காம இன்னா. நர்ஸம்மா ரெண்டுவாட்டி வந்து, ஏமய்யா, மீ ஆவிட பிலுஸ்தோந்தின்னு சொல்லிட்டுப் பூடுச்சி. என்னயத்தான் கூப்புடறாளாம். போறேன். சொல்றேன் இரு.

தோச மாஸ்டருக்கா நானு. ஊரு நாராயணவனம் பக்கம். ஒம்போது வருசமா திருப்பதி பஸ் ஸ்டாண்டாண்ட ஒரே ஓட்டலு. கிச்சன்ல யாருக்கும் பேரு கெடையாது, தெரியுமா? என்னய சீனுன்னு ஒருத்தனும் கூப்புட மாட்டான். நான் கல்லு. வட போடுற ரமணா எண்ணெ. இட்லி அவிக்கிற பெரியவரு ஆவி. சப்ளையரு வாசல்ல நின்னுக்கினு கல்லு, ரெண்டு நைசு ஒரு முறுகல்ன்னு கத்துவான். நான் திரும்பிப் பாக்காம அதயே திருப்பிச் சொல்லணும். சொல்லலன்னா மறுக்கா கத்துவான். சாம்பாரு தீந்துபோறாப்ல இருந்தா, மழன்னு ஒரு கொரலு வரும். புரியல? சுடுதண்ணி ஊத்துடான்னு அர்த்தம். துன்றவன் காதுல வுழலாமா அது? ஃபுட் இன்ஸ்பெக்டரு வந்தா மாப்ள வந்துட்டாருன்னுவோம். ஒடனே அத்தினி பேரும் தலையில தொப்பிய மாட்டிக்கினு நல்ல புள்ளையாட்டம் நிப்போம்.

சிரிக்கிற பாத்தியா. அவளும் இப்டித்தான் சிரிச்சா. முந்தாநேத்துத்தான் மொத நாளு கிச்சனுக்கு வந்தா. தேங்கா அரைக்கிற கிருஷ்ணம்மா, மவ பிரசவம்ன்னு பூடுச்சி. சனிக்கெழமக் கூட்டம், ஆளு இல்ல. இவ சீசனுக்கு சித்தூர்ல அக்கா வூட்ல தங்கி மாம்பழக் கூழு ஃபேக்டரிக்குப் போவா. சீசன் முடிஞ்சி வூட்ல சும்மாத்தான் இருந்தா. நாந்தான் வாடின்னு கூட்டாந்தேன். என்னய எல்லாரும் கல்லு கல்லுன்றதக் கேட்டுட்டு முந்தானய வாயில வச்சிக்கினு சிரிக்கிறா. மாமா, எனக்கு இன்னா பேரு வெப்பாங்கன்றா. ஒரு வாரம் போவட்டும், எல்லாம் தன்னால தெரியும்ன்னேன்.

பாவி நானு. அப்பவே ஒக்கார வச்சி எல்லாத்தயும் சொல்லிக் குடுத்திருந்தா இன்னா? ரெண்டு நிமிசம் ஆவுமா? கல்லுல ஆறு தோச வேவுது, வாசல்ல மூணு பேரு கத்தறான், அப்பறமா சொல்லிக்கலாம்ன்னு வுட்டுட்டேன்.

எங்க ஓட்டல்ல மொத்தமே பதினாறு டேபிளுக்கா. யாராச்சும் பதினேழுன்னு கத்துனா கேஸ் லீக்குன்னு அர்த்தம். கேஸு, நெருப்பு, ஓடுன்னெல்லாம் வாய தொறக்கக்கூடாதுன்னு ஓனரு கண்டிசனா சொல்லிக்கீறாரு. மலைக்குப் போற ஜனம் கொழந்த குட்டியோட ஒக்காந்து துன்னுக்கினு இருக்கும், பயந்துபோய் ஒண்ண ஒண்ணு மிதிச்சிக்கும்ன்னு. அவரு சொல்றதும் நாயந்தான். பதினேழுன்னு காதுல வுழுந்துச்சா, கையில இருக்கறத அப்டியே வுட்டுட்டுப் பின்வாசல்ல போய்க்கினே இருக்கணும். சிலிண்டரெல்லாம் வெளிய கொட்டாயில கீது. வால்வ மூட வேண்டியது கல்லு. அதான் நானு. முன்ன ரெண்டுவாட்டி ஆச்சி. ஒருத்தர் மேலயும் ஒரு பொறி பட்டதில்ல.

அன்னிக்கிக் கத்துனதும் நாந்தான். அடுப்புக்குக் கீழ ட்யூபு புஸ்ஸுன்னுச்சி. பதினேழுன்னேன். எண்ணெ போனான், ஆவி போனாரு. ஒரு நொடியில கிச்சன் காலி. இவ மட்டும் நிமுந்து என்னயப் பாத்தா. ஏதோ டேபிள் நம்பரு, நம்ம வேல இல்லன்னு நெனச்சாளோ இன்னாவோ, திரும்பியும் கிரைண்டர்ல தேங்காயத் தள்ளிக்கினு கீறா. நான் வெளிய வால்வத் திருப்பறேன், உள்ள குப்புன்னு புடிச்சிக்கிச்சி.

ஏன் இழுத்துக்கினு போவலன்னு கேக்கறியா. கேளு. ரெண்டு நாளா நானும் அதத்தான் என்னயக் கேட்டுக்கினு கீறேன். சுமித்ரா, ஓடுறின்னு ஒரு வார்த்த. வாயில வர்லக்கா. ஒம்போது வருசமாப் பழகுன காலு, அது பாட்டுக்குப் போவுது. கிரைண்டராண்ட வழி ரொம்பக் குறுகலு. அவ குறுக்க நின்னுக்கினு இருந்தா. தள்ளிக்கோன்னு சொன்னேன். சரி மாமான்னு தள்ளி நின்னு எனக்கு வழி வுட்டா.