ஹோல்ட் என்றுதான் சொன்னார்

என் பெயர் சிவராமகிருஷ்ணன், வயது 44, தகப்பனார் பெயர் லட்சுமிநாராயணன். சொந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம், தற்சமயம் விருத்தாசலம் தெற்கு வீதியில் குடியிருக்கிறேன். இவ்வூரில் ஒரு தனியார் பீங்கான் பட்டறையில் ஸ்டோர் கிளார்க்காக இருக்கிறேன்.

1971 ஆகஸ்டு மாதம் எங்கள் பட்டறையில் களிமண் பிசையும் மெஷினில் சத்தம் அதிகமானதால், அதைப் பார்க்க பம்பாயிலிருந்து குல்கர்னி என்ற எஞ்சினியர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகையால் அவர் இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் சொல்ல முதலாளி என்னை அவருடன் நிற்கச் சொன்னார். மெஷினை விருத்தகிரி என்பவர் ஓட்டினார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கூலிக்கு வரும் பாஞ்சாலை மெஷின் தொட்டியில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எஞ்சினியர் மோட்டார் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஹோல்ட் இட்" என்றார். எனக்குச் சந்தேகம் வந்து, "மோட்டாரையே ஷட் ஆஃப் செய்ய வேண்டுமா?" என்று அவரிடம் இங்கிலீஷில் கேட்டேன். அவர் எரிச்சலாக, "நோ, நோ, ஜஸ்ட் ஹோல்ட்" என்றார். அதன் பிறகு நான், "நிறுத்து விருத்தகிரி, பெல்ட்ட மட்டும் தள்ளிப் புடி, மோட்டாரு ஓடட்டும்" என்று சத்தமாகச் சொன்னேன். அவரும் பெல்ட்டை விலக்கும் கட்டையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். தொட்டிக்குள் மண் பிசையும் கத்திகள் நின்றன. பாஞ்சாலை சிக்கியிருந்த கல்லை எடுக்கக் கையை விட்டாள். கட்டை விருத்தகிரியின் பிடியில் இருக்கும்போதே பெல்ட் நழுவி மறுபடி ஏறி, கத்திகள் சுழன்றுவிட்டன. அதன் பிறகுதான் மெயின் சுவிட்ச் அணைக்கப்பட்டது. அவளுடைய வலது கை வளையல்களைத் தொட்டியிலிருந்து நான்தான் எடுத்தேன்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எஞ்சினியரு 'ஷட் ஆஃப்'னு சொன்னதா சொல்றாரு, விருத்தகிரிதான் அணைக்கலையாம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. ரெண்டும் நிறுத்தறதுதானே, பொய் ஒண்ணும் இல்லியே" என்றார். எனக்கு மூன்று பெண்கள் இருப்பதையும் விசாரித்தார்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாஞ்சாலைக்கு மணிக்கட்டு வரை கை எடுத்திருந்தார்கள். அவள் என்னைப் பார்த்து, "மெஷினு சத்தத்துல நீங்க நிறுத்துன்னது மட்டுந்தான் சாமி காதுல வுழுந்துச்சு. அதான் கைய வுட்டேன். விருத்தகிரி மேல தப்பு இல்லீங்க, அவர ஏன் புடிச்சிகிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள். நான் வாங்கிப்போன ரொட்டியைக் கட்டிலின் இடது பக்கமாக வைத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு நானாகவே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன். இதை எழுதிய ஏட்டையாவும், "ரெண்டும் ஒண்ணுதானேய்யா" என்று கேட்டார். "ஒண்ணுல கரண்டு போயிடும், இன்னொண்ணுல இருக்கும்ங்க" என்று சொன்னேன். எஞ்சினியர் மோட்டாரை அணைக்கச் சொல்லவில்லை. கேட்டும் வேண்டாம் என்றார். விருத்தகிரி நான் சொன்னதைத்தான் செய்தார். இதை எங்கே கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதும் நடந்ததும் அதுவே. ஏழாவது வரியில் தவறுதலாக எழுதப்பட்டிருந்த 'ஷட் ஆஃப்' என்ற சொல் என் எதிரில் அடிக்கப்பட்டு, 'ஹோல்ட்' என்று எழுதப்பட்டது. அதன் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) ல. சிவராமகிருஷ்ணன்