ஒரு நாள் வேலை

— ஒரு நாள் வேலைங்க அது. தறியில பழைய பாவோட நூல் இழையை எல்லாம் புதுப் பாவோட முடிச்சு போட்டு இழுத்து வுட்டா, பொழுது சாய அவன் ஊட்டுக்குப் போயிடுவான். ஆரணியில பொறந்த பச்சப் புள்ளைக்கும் தெரியும். உங்க கதையில மட்டும் பாவு பிணைக்க வந்தவன் மூணு நாளா ஒக்காந்துகினு இருக்கான்!

— அதாண்டி தேவகி, எழுத்துன்றது! காதல்ன்ற வார்த்தையே வரக்கூடாது, ஆனா படிக்கிறவனுக்குப் புரியணும்னு வேலூர்ல நாவலாசிரியர் சார் கிளாஸ் எடுத்தாரே!

— புரிஞ்சிதுங்க, எழுத்தாளரே. தெருவுல தறி வச்சிகினு இருக்கிற அத்தனை பேருக்கும் புரிஞ்சிது, அவன் எதுக்கு மூணு நாள் இருந்தான்னு. கதையில வர்ற பொண்ணுக்கு லாவண்யான்னு என் தங்கச்சி பேரையே வச்சீங்களே, அதுவும் கிளாஸ்ல சொன்னதா?

— நிஜப் பேரா இருந்தாதான் கதையில உசுரு வரும்னார். அம்பது நாவல் எழுதின மனுசன், கார்ல வந்து எறங்கினார். சும்மாவா சொல்வார்?

— அவரு பொண்ணு பேரை எந்த நாவல்ல வச்சிருக்காராம்?

— அது... கேக்கலை.

— ஃபீஸ் கட்டித்தானே போனீங்க, கேக்கறதுக்கு இன்னா? அவரு சொன்னார்னு விடியக்காலையில எழுந்து எழுதினீங்க. பட்டப்பகல்ல தறிமேல சாஞ்சி தூங்கினீங்க. முகூர்த்தப் பொடவை முந்தானையோட நிக்குது. நான் எதுனா கேட்டனா?

— கேட்டியே! தெனம் கேட்டியே! பத்து வருசமா திரும்பி வந்துகினு இருந்த கதைங்கடி. இப்பதான் மொத மொதல்ல மாசப் புத்தகத்துல ஒண்ணு வந்திருக்கு. நல்லா இருக்குன்னு உன் வாயில ஒரு வார்த்தை வரலை பாரு.

— என் வாயில வரலைன்னா இன்னா? லாவண்யாவுக்குப் பார்த்த மாப்ளையோட அம்மா வாயில வந்துச்சே. சந்தவாசல்ல இருந்து எதிர்வூட்டுக்கு போன் பண்ணாங்க. "உங்க ஊட்டுக்காரர் கதை படிச்சோம். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நாங்க வரணுமா வேணாமா, அதையும் அவரையே எழுதச் சொல்லுங்க"ன்னாங்க.

— ஐயையோ!

— ஐயையோன்னு வாய் வுட்டு சொல்லலாமா? எதையும் சொல்லாம காட்டத்தானே சொன்னார் உங்க சார்?

— பேஜார் பண்ணாதடி. அம்மா அப்பா இல்லாத பொண்ணுன்னு நான்தானே ஊர் ஊரா அலைஞ்சி இந்த இடம் பார்த்தேன். நானே கெடுப்பனா?

— வேற யாரு கெடுத்தது? அந்த சுதாகர் ரெண்டு வருசமா நம்மூட்டுக்குப் பாவு பிணைக்க வரான். குனிஞ்ச தலை நிமிர மாட்டான். கதையில இவ சொம்புல தண்ணி குடுக்குறாளாம், அவன் குடிக்காம கையிலியே வச்சிகினு பாக்குறானாம். எங்க பாத்தீங்க இதெல்லாம்?

— எங்கயும் பாக்கலை. சத்தியமா கற்பனை! தறியில ஒக்காந்து யோசிச்சேன், வந்துச்சு. கண்ணுக்கு எதிர்ல இருக்கிறவங்களை எடுத்துக்கோ, நடக்காததை நடக்க வைன்னு சார்...

— நடக்க வச்சிட்டீங்க. அவருக்கு ஒரு கார்டு போட்டுடுங்க, என் கதையால மச்சினிச்சி கல்யாணம் நின்னுச்சின்னு. சந்தோசப்படுவார்.

— சொக்காயை எடு. இப்பவே சந்தவாசல் பஸ் புடிக்கிறேன். கால்ல வுழுந்தாவது சொல்றேன், அத்தனையும் பொய்யி, எம் புத்தியில வந்த பொய்யி, ஒரு எழுத்துகூட நிஜமில்லைன்னு.

— ஜல்தியா போங்க. அங்கயும் சார் சொன்னார்னு ஆரம்பிச்சிடாதீங்க. லாவண்யா! மாமா சொக்காயை எடுத்துகினு வா. இன்னாடி, கூப்புடறது கேக்கலை? ஏன் கதவாண்ட நின்னுகினு அழுவுற?

— போவாதீங்க மாமா.

— உனக்காகத்தாம்மா போறேன். எல்லாம் பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிது.

— வேணாம் மாமா. எனக்காக நீங்க அங்க போயி பொய் சொல்ல வேணாம்.